11 வருடம் நின்ற புல்லட்டை எடுத்து 3 வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் மூன்றாவது தடவையாக டேங்கைக் கழற்றினேன். அதே நேரத்தில் கூட்டாளி ஒருவன் போன் செய்தான். "எங்க சித்தப்பா புல்லட் பத்து வருஷமா மாட்டுக் கொட்டகையில நிக்குது மாப்ள. எடுத்து ஓட்டலாமா? நீ எடுத்தியே, எப்படி இருக்கு?" கையெல்லாம் துரு, சட்டையெல்லாம் பெட்ரோல் நாற்றம். நிதானமாகப் பதில் சொல்ல வரவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனிடம் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1989 மாடல் 350. சிபி பாயிண்ட் (ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பழைய வகைத் தொடுமுனை), வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். முழங்கால் வலி தாங்காமல் 2011-ல் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, மேலே சாக்கைப் போர்த்தினார். அவர் போன பிறகு 2022-ல்தான் நான் அந்தச் சாக்கை எடுத்தேன்.

இன்ஜின் ஜாம் ஆகியிருக்கும், எடைக்குப் போடு என்று சொல்லாத ஆள் இல்லை. மெக்கானிக் பாய் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "கிக்கரை மிதிக்காதீங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்தார். நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். விரற்கடை அளவு நகர்ந்தது, அப்புறம் முழுச் சுற்று வந்தது. சிலிண்டரின் உள்சுவரில் கீறல் கோடு இல்லை. பாயிண்ட்டில் வெள்ளை பூத்திருந்ததை மெல்லிய எமரி வைத்துத் தேய்த்து, அதன் இடைவெளியை 0.35 மில்லிமீட்டர் வைத்ததும் ஸ்பார்க் நீலமாக வந்தது.

ஒன்றை மறக்காமல் செய்தார். இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி கிரேங்க் கேஸோடு, அதாவது இன்ஜினின் அடிக்கூட்டோடு, சேர்ந்தே இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து பிளைவீல் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அப்படியே உதைத்தால் ஊரே தெரியாத அளவுக்குப் புகை. அதனால் அடியில் இருக்கும் ஆயில் வடிக்கும் பிளக்கைத் திறந்து வடித்தார். பழைய தார் போல ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகுதான் புது 20டபிள்யூ50 ஆயிலும் பில்டரும்.

ஸ்டார்ட் செய்யும் முறையை அப்பாவைப் பார்த்துக் கற்றது கை மறக்கவில்லை. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக இறக்கி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு துளி தள்ளி, விட்டு, கிக்கரை மேலே வர விட்டு ஒரே மிதி. ஏழாவது மிதியில் எடுத்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து 3 வருடத்தில் இன்ஜின் ஒரு நாள் கூட என்னைக் கைவிட்டதில்லை. இதை மனதாரச் சொல்கிறேன். இன்னொரு சந்தோஷமும் உண்டு, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நியூட்ரல் லிவர். கியர் பெடலுக்குப் பின்னால் குதிகாலுக்கென்றே சின்னதாக ஒன்று இருக்குமே, அது. இரண்டு, மூன்று, நாலு எந்தக் கியரில் வந்தாலும் கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் ஓர் அழுத்து, நேராக நியூட்ரல். சின்ன வயதில் அதற்கு நான் மதிப்பே கொடுத்ததில்லை. இப்போது கும்பகோணம் நெரிசலில் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் நிறைவாக இருக்கிறது. அந்த லிவரின் மேல்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வரி தேய்ந்து வழவழவென்று இருக்கும். அப்பாவின் குதிகால் பட்ட இடம். என் கால் இன்னும் சரியாக அங்கே விழவில்லை.

இனி டேங்க்.

2011-ல் அரை டேங்க் பெட்ரோலோடு நிறுத்திவிட்டோம். செய்த தப்பு அதுதான், வண்டியின் மேல் பழி போட முடியாது. முழுக்க நிரப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் சொட்டு விடாமல் வடித்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே கோடு கிழித்தது போல் தெரிந்தது. பெட்ரோல் நின்ற மட்டத்துக்குக் கீழே வெல்லப்பாகு மாதிரிப் பிசின். மேலே, காற்று இருந்த பாதி முழுக்கச் செதில் செதிலாகத் துரு.

முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். ஆசிட் ஊற்றி, நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்கி, தண்ணீரில் அலசி, ஈரத்தோடு கொடுத்தார்கள். நாலே நாளில் உள்ளே ஆரஞ்சு நிறம். அடுத்து இன்னொரு கடையில் உள்பூச்சு. இரண்டு வருடம் தாங்கியது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் சில பூச்சுகளையும் இளக்கும். பூச்சு பாம்புச் சட்டை போல உரிந்து, டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கில் வந்து அடைத்துக்கொண்டது. சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டி, பின்னால் என் மகளை வைத்துக்கொண்டு, நடு ரோட்டில் நின்றேன். ரிசர்வில் போட்டதுதான் வினை. ரிசர்வ் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சும், கசடு மொத்தமும் கார்புரேட்டருக்குள் போய்விட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் நுண்துளை உள்ள பைலட் ஜெட்டை ரோட்டோரத்தில் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். முடி கனத்தில் ஓட்டை, அதில் ஒரு துரு மணி. அவ்வளவு சின்ன மணிக்காகப் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றது.

இந்த முறை நானே செய்தேன். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியை இரவு முழுக்க ஊறவிட்டு, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசி, ஒரு நிமிடம் கூட விடாமல் ஹேர் டிரையரால் காயவைத்து, உடனே பெட்ரோலோடு கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றிச் சுழற்றினேன். உள்ளே சாம்பல் நிறமாகச் சுத்தமாக இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று சொல்ல மாட்டேன். இன்ஜின் வேலைக்கு மொத்தமே 9,000 ரூபாய் ஆனது. டேங்குக்கு மட்டும் இதுவரை 11,000.

காகித வேலை தனி. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், சித்தப்பா பேரிலிருந்து பேர் மாற்ற வேண்டும். அலைச்சல்தான், ஆனால் முடிந்துவிடும்.

அதனால் மாப்ள, இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்ஜின் தங்கம், லிவர் தங்கம், எல்லாம் சரி, வேண்டாம். வேலைக்குப் போக வண்டி வேண்டுமென்றால் வேறு வாங்கிக்கொள்.

ஆனால் சித்தப்பாவிடம் எடைக்குப் போடச் சொல்லிவிடாதே. கிக்கரையும் யாரையும் மிதிக்க விடாதே. ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு வருகிறேன், மூடியைத் திறந்து ஒரு தடவை உள்ளே பார்த்துவிடலாம்.