ஒரு வளவு, இரண்டு வீடு, இரண்டு ரவுட்டர்: சில வருட அனுபவம்

வன்னியில் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டி நிற்பதில்லை. அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ காணி இருக்கும். முன்னால் ஒரு வீடு, அதற்குப் பின்னால் தனியாகக் குசினி, கிணறு, மாமரம், அதற்கும் அங்கால் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு. கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எங்கள் வளவும் அப்படித்தான். முன்வீட்டில் நாங்கள், பின்வீட்டில் அக்கா குடும்பம். இடையில் ஏறத்தாழ 40 மீற்றர். அந்தத் தூரத்தைத் தாண்டி இணையத்தைக் கொண்டுபோக இரண்டாவது ரவுட்டர் ஒன்றைப் போட்டு, அது சில மாரிகளையும் சில சோளகங்களையும் கண்டுவிட்டது. வைஃபையைப் பெருப்பிப்பது பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் அதிகம் அடுக்குமாடி வீட்டுக்கு எழுதியவை. எங்கள் மாதிரி வளவில் என்ன நின்றுபிடிக்கிறது, எது பிடிக்காது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ரவுட்டர் எந்தக் கொம்பனி, எத்தனை அன்ரனா என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். அதற்கு இணையம் எந்த வழியால் போய்ச் சேருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றில் வாங்கிக் காற்றிலேயே திருப்பி அனுப்பும் ரவுட்டர் வெயில் காலத்தில் ஓடும். வயரில் வாங்குகிற ரவுட்டர் வருடம் முழுக்க ஓடும்.

எங்களுக்கு வருவது 4ஜி இணைப்பு. பிரதான ரவுட்டரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். 4ஜியில் அது சரிவராது. தொலைபேசிக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில், உயரத்தில் வைத்தால்தான் அதற்கே ஒழுங்காக சிக்னல் கிடைக்கும். ரவுட்டரின் நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் காட்டும், கோபுர சிக்னலின் வலு அது. எங்கள் முன் ஜன்னலில் அது மைனஸ் 92க்குக் கிட்ட நிற்கும், வீட்டின் நடு அறைக்குக் கொண்டுபோனால் மைனஸ் 106க்கு விழும். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க இருக்க நல்லது. ஆகவே பிரதான ரவுட்டர் ஜன்னலை விட்டு அசையக் கூடாது. அதிலிருந்து பின்வீட்டுக்கு எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

முதல் கட்டத்தில் இரண்டாவது ரவுட்டரை ரிப்பீட்டராகத்தான், அதாவது காற்றில் வாங்கிக் காற்றிலேயே அனுப்பும் முறையில், ஓடவிட்டோம். வயர் வேண்டாம், கிடங்கு வெட்ட வேண்டாம், அன்றைக்கே வேலை முடியும். ரிப்பீட்டரை சிக்னல் இல்லாத அறையில் வைத்துவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அது இருக்கிற சிக்னலைத்தான் திருப்பிக் கொடுக்கும், இல்லாததை உண்டாக்காது. நல்ல சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும் பாதி வழியில்தான் அதை வைக்க வேண்டும். எங்கள் வளவில் பாதி வழி என்றால் குசினி. அங்கே வைத்தோம். அக்காவின் மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சூம் வகுப்பு ஆடியிலும் ஆவணியிலும் பிரச்சினை இல்லாமல் போனது.

ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லாம் மாறியது. மழைத்துளி விழுவது 40 மீற்றரில் வைஃபைக்கு ஒரு பொருட்டே அல்ல. நனைந்த மாமரம்தான் மறைக்கிறது. இலை முழுக்கத் தண்ணீர், அந்தத் தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். போதாததற்குக் குசினிக்குத் தகரக் கூரை. தகரத்தில் பட்டது அப்படியே திரும்பிப் போகும். வீட்டிலேயே பார்க்கலாம்: மழை விட்டு, வெயில் எறித்து, இலை காய்ந்தபிறகு போனில் இரண்டு கோடு கூடும்.

இதற்கு மேல் ரிப்பீட்டருக்கென்றே ஒரு குறை உண்டு. ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டு அலைவரிசை உள்ள ரவுட்டர் என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கொடுக்கச் சொல்லலாம், அந்தப் பாதி மிஞ்சும். ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவருக்கும் மரத்துக்கும் சீக்கிரம் களைத்துவிடும். எங்கள் குசினிவரை அது ஒழுங்காக வந்ததே இல்லை. பார்க்க வந்த தம்பி ஒருவர், நெற்வேர்க் வேலை செய்கிறவர், சோதித்துவிட்டு, “அண்ணை, ரவுட்டர் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வாற நெற்தான் நொண்டுது. வயர் இழுங்கோ” என்றார். அதே ரவுட்டரைத்தான் இன்றைக்கும் பாவிக்கிறோம். மாறியது அதற்கு இணையம் வரும் பாதை மட்டும்.

வயர் வாங்கப்போகும்போது கவனம் வேண்டும். கற்6 (நெற்வேர்க் வயரின் ஒரு தரம்) என்று அச்சிட்ட எல்லாமே செம்புக் கம்பி இல்லை. அலுமினியத்துக்கு மேல் மெல்லியதாகச் செம்பு பூசிய கம்பி மலிவாகக் கிடைக்கும். ஒரு துண்டு வெட்டித் தரச்சொல்லி, கம்பி ஒன்றின் மேலே பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் உள்ளும் அதே நிறம்தான். பூச்சு என்றால் வெள்ளை தெரியும், இரண்டு மூன்று தரம் மடக்க முறிந்தும் போகும். வெளியே போடுவதற்குக் கறுப்பு உறை உள்ள வயரைக் கேளுங்கள். வீட்டுக்குள் பாவிக்கும் சாம்பல் உறை நம் வெயிலில் பொரிந்து வெடித்துவிடும். நீளம் 100 மீற்றரைத் தாண்டாதவரை கவலை இல்லை.

மரத்தில் கட்டி ஆகாயத்தில் இழுப்பது சுலபம்தான். ஆனால் எங்கள் பக்கம் குரங்கு வயரில் தொங்கும், அணில் கடிக்கும். அத்தான் நிலத்துக்குக் கீழே போவோம் என்றார். எஸ்லோன் பைப்பை ஒன்றரை அடி ஆழத்தில் தாட்டு, இரண்டு முனையும் கீழ் நோக்கி வளைத்து, சிலிக்கன் வைத்து அடைத்தோம். தண்ணீர் உள்ளே இறங்காது, கறையானும் எறும்பும் ஏறாது. கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுடையது கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணிதான். என்றாலும் வன்னியில் மண்வெட்டி எடுக்கிற எவரும் மெதுவாகத்தான் வெட்ட வேண்டும். இரும்பாக எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். இணையம் ஒரு கிழமை பிந்தினால் ஒன்றும் குறையாது.

செற்றிங்ஸ் வேலை பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இரண்டாவது ரவுட்டரில் அக்செஸ் பொயின்ற் (வயரில் வருவதை வைஃபையாகக் கொடுப்பது மட்டும்) என்று ஒரு தெரிவு இருந்தால் அதைப் போட்டால் சரி. இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். முதலில் அதன் ஐபி முகவரியை மாற்றுங்கள். பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். பிறகு டிஎச்சிபியை, அதாவது போன்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். அப்புறம் முன்வீட்டிலிருந்து வரும் வயரை வான் போர்ட்டில் (வெளி இணையம் வரும் வாய்) அல்ல, லான் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான வாய்) செருகுங்கள். இதில் டிஎச்சிபியை மறப்பதால்தான் அதிகம் தொல்லை வருகிறது. இரண்டு ரவுட்டரும் போட்டிக்கு முகவரி கொடுக்கும். ஒரு போனில் இணையம் வரும், மற்றதில் வராது, நாளைக்கு அது தலைகீழாகும். அப்படி ஒரு விளங்காத நோய் கண்டால் முதலில் அங்கே பாருங்கள். வவுனியாவில் நண்பர் ஒருவர் அலுமாரிக்குள் கிடந்த பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டரை இதே முறையில் தூக்கி நிறுத்தியிருக்கிறார். தொலைபேசி வயருக்கான துவாரம் சும்மா கிடக்க, லான் போர்ட்டும் வைஃபையும் வேலை செய்கின்றன.

பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே வைத்தோம். சனல், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பாவிக்கும் பகுதி, மட்டும் வேறு: முன்வீட்டுக்கு 1, பின்வீட்டுக்கு 11. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று முட்டாதவை 1, 6, 11 என்பதால் தானியங்கிக்கு விடாமல் நாமே குறித்துவிடுவது நல்லது. ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு நடக்கும்போது எந்த ரவுட்டரைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது போன்தான், ரவுட்டர் இல்லை. ஐபோன் மைனஸ் 70 அளவுக்கு வைஃபை சிக்னல் (மேலே சொன்ன 4ஜி எண் அல்ல) விழுந்தபிறகுதான் வேறொன்றைத் தேடத் தொடங்கும். சில போன்கள் பழையதை விடவே மாட்டாது என்று பிடித்துக்கொண்டிருக்கும். முன் ரவுட்டரின் வைஃபை வலுவைக் கொஞ்சம் குறைத்துவிட்டபிறகு அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் போய்விட்டது. கிணற்றடியைத் தாண்டும்போது வட்ஸ்அப் அழைப்பு ஒரு விநாடி விக்கும், அவ்வளவுதான்.

இனி மின்னல். நீண்ட காலப் பாவனையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வரும் இடிமழை வன்னியில் யாருக்கும் புதிதல்ல. இரண்டு கட்டடங்களை ஒரு செம்புக் கம்பியால் இணைத்தால், மின்னல் கிட்ட விழும்போது அந்தக் கம்பியும் மின்சாரம் பாய ஒரு பாதையாகிவிடும். கம்பி நிலத்துக்குக் கீழே கிடந்தாலும் இதில் விலக்கு இல்லை. இரண்டு வீட்டுக்கும் வெவ்வேறு மின் இணைப்பு, வெவ்வேறு ஏர்த் என்றால் ஆபத்து இன்னும் கூட. வானம் கறுத்தால் இரண்டு முனையையும் கழற்றிவிடுவது என்று வைத்திருந்தோம். வீட்டில் எவரும் இல்லாத ஒரு பின்னேரம் வந்த இடியில் பின்வீட்டு ரவுட்டரின் லான் போர்ட் ஒன்று செத்தது. பக்கத்துப் போர்ட்டில் செருகி ஓட்டினோம். ஆனால் எப்போதும் வீட்டில் ஆள் இருப்பதில்லையே.

ஆகவே செம்பை எடுத்துவிட்டு பைபர் போட்டோம். பைபரில் ஒளிதான் ஓடுகிறது, மின்சாரம் போக வழியே இல்லை. பைப் ஏற்கெனவே நிலத்துக்குள் இருந்தது பெரிய உதவி. “உள்ளுக்க கிடக்கிற வயரையே கயிறா வைச்சு இழுப்பம்” என்று அத்தான் சொன்னபடி, பழைய வயரின் நுனியில் பைபரைக் கட்டி, முனையை ரேப்பால் நன்றாகச் சுற்றி, மெதுவாக இழுத்தோம். முனை பொருத்திய பைபரை வாங்கினால் ஒட்டும் மெஷின் தேவையில்லை. வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமா என்று பாருங்கள். சில தட்டை வயர்களில் பலத்துக்காக இரும்பு ஓடும், அதைப் போட்டால் மின்னலுக்குத் திரும்பவும் பாதை கொடுத்த மாதிரி. கூர்மையாக மடக்கக் கூடாது. முனையின் மூடியைக் கடைசி நிமிடம்வரை கழற்றக் கூடாது, செம்மண் புழுதி ஒட்டினால் ஒளி போகாது.

இரண்டு பக்கமும் மீடியா கொன்வேர்ட்டர் என்ற, பைபரின் ஒளியை ரவுட்டருக்கான மின்சிக்னலாகவும் அதைத் திருப்பி ஒளியாகவும் மாற்றும் சிறிய பெட்டி ஒவ்வொன்று வேண்டும். ஒற்றை இழையில் ஓடும் வகை என்றால் அது சோடியாகத்தான் வரும். ஒன்று 1310 நானோமீற்றரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது எதிர்மாறு. ஒரே வகையில் இரண்டை வாங்கினால் ஒன்றையொன்று கண்டுகொள்ளா. பைபருக்கு மாறிய பிறகு இடி வந்தாலும் கரண்ட் பிளக்கைக் கழற்றுகிறோம்தான், ஏனென்றால் மின்கம்பி வழியாகவும் வரும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓடுவதைப் பற்றி இனிப் பயமில்லை. செலவு செம்பை விடக் கூட. 40 மீற்றருக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கு, தனித்தனிக் கட்டடம் என்றால் தேவை என்றுதான் சொல்வேன். ஒரே கூரைக்குள் இரண்டாவது ரவுட்டர் போடுகிறவர்கள் செம்போடு நிற்கலாம்.

மின்வெட்டும் கணக்கில் வர வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது அப்படி இல்லாவிட்டாலும், மாரியில் மரக்கொப்பு முறிந்து லைனில் விழுந்தால் அரை நாள் போகும். ரவுட்டர் இரண்டு என்றால் உயிரோடு இருக்க வேண்டிய இடமும் இரண்டு. ரவுட்டருக்கென்று வரும் சிறிய யூபிஎஸ் ஒன்றை ஒவ்வொரு பக்கமும் வைத்திருக்கிறோம். 12 வோல்ட் வாயில் ரவுட்டர், 5 வோல்ட் வாயில் கொன்வேர்ட்டர். வாங்க முதல் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள், 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு. இவற்றின் பற்றரி நாட்செல்லச் செல்ல இளைக்கும். வருடத்துக்கொரு தரமாவது கரண்ட்டை நிறுத்தி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

பின்வீட்டு ரவுட்டரைச் சுவரில் உயரத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். தகரப் பெட்டி சிக்னலைக் கொல்லும். காற்றுத் துவாரத்துக்குப் பல்லி போகாத நெருக்கமான வலை, சோளகம் முடிந்ததும் பெயின்ற் பிரஷால் புழுதி தட்டல், இவ்வளவுதான் பராமரிப்பு.

இரண்டாவது ரவுட்டரால் ஆகாத ஒன்றும் இருக்கிறது. இரவு 8 மணிக்கு ஊரே போனைத் திறக்கும்போது கோபுரம் திணறினால் எங்கள் இரண்டு வீடும் சேர்ந்துதான் திணறும். ஆகவே பணம் செலவழிக்க முதல், பிரதான ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று இரவில் வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே வேகம் இல்லை என்றால் கொடுக்க ஒன்றுமில்லை. டேட்டாவும் வேகமாகக் கரையும். அக்கா வீட்டு ரீவி இணைந்த மாதமே பக்கேஜ் பாதியில் முடிந்தது. படத்தின் தரத்தை 480க்குக் குறைத்தபிறகுதான் மாதக் கடைசிவரை இழுத்தது.

4ஜி இணைப்பில் 100 மெகாபிட்டைத் தாண்டும் வேகத்தை எங்கள் பக்கம் நான் காணவில்லை. அதனால் ஜிகாபிட் போர்ட் உள்ள விலை கூடிய ரவுட்டருக்கு இப்போதைக்குத் தேவையில்லை. வீதி வழியாக பைபர் இணைப்பு எங்கள் பக்கம் வரும் நாளில் முன் ஜன்னலில் இருக்கும் ரவுட்டரை மட்டும் மாற்றுவோம். வருகிற புது ரவுட்டரின் முகவரி 192.168.1.1தானா என்று பார்த்து, வேறாக இருந்தால் பின்வீட்டு ரவுட்டரின் முகவரியையும் அதே வரிசைக்கு மாற்ற வேண்டும். பைப்புக்குள் கிடக்கும் இழையில் கைவைக்க வேண்டியதில்லை.