குட்டை முடியோடு நான்கு வருடம்: கண்ணாடியில் தெரியாத பாதி

பழைய சிநேகிதி ஒருத்தி நேற்று கேட்டாள். "அறுபத்தொண்ணு ஆயிடுச்சு, முடியும் பாதியாயிடுச்சு. உன்னை மாதிரி நானும் ஒட்ட வெட்டிக்கட்டுமா? நாலு வருஷமா வெச்சிருக்கியே, உண்மையைச் சொல்லு."

அவள் கேட்ட நேரம் சரியில்லை. ஆறு நாளைக்கு முன்னால்தான் என் உச்சந்தலையை ஒருவர் கெடுத்துவைத்தார். கண்ணாடி முன் நின்றால் முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தால், உச்சியில் மூன்று விரல் அகலத்துக்கு முடி எழுந்து நிற்கிறது. நடுவில் வட்டமாக மண்டைத்தோல் தெரிகிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் நான்கு வருடத்தையும் சேர்த்து வைத்து நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பாப் என்றால் தாடையை ஒட்டிய நீளத்தில் ஓரம் வெட்டுவது, பிக்ஸி என்றால் காதும் பிடரியும் தெரிய ஒட்ட வெட்டுவது. அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. இடுப்புவரை இருந்த முடியை 59 வயதில் தாடை அளவு பாப் ஆக்கினேன். ஏழு மாதம் கழித்து பிக்ஸி. அன்றிலிருந்து அதுதான். முடி மெல்லியது, முக்கால்வாசி நரை, சாயம் பூசுவதில்லை, மூக்குக்கண்ணாடி போடுகிறவள். இவ்வளவும் தெரிந்தால் போதும்.

அழகுக்காக வெட்டவில்லை, தோளுக்காக வெட்டினேன். வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் பெண்களுக்கு அதிகம் வருகிற தொல்லை இது. விடுவதற்கு ஒரு வருடமும் ஆகும், மூன்று வருடமும் ஆகும். பின்னல் போட இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். தினமும் மகளைக் கூப்பிட்டு "கொஞ்சம் பின்னிவிடேன்" என்று கேட்டேன். அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

முதலில் வெட்டிய பாப் தவறான நீளம். தாடைத் தசை தளர்ந்த வயதில், முடியின் ஓரம் சரியாகத் தாடையில் வந்து முடிந்தால் பார்க்கிறவர் கண்ணும் அங்கேதான் போய் நிற்கும். இரண்டு விரல் மேலே ஏற்றியிருந்தால் கன்ன எலும்பை எடுத்துக் காட்டியிருக்கும். இரண்டு விரல் கீழே இறக்கியிருந்தால் தளர்ச்சியை மறைத்திருக்கும். ஒன்று மட்டும் அதில் நன்றாக இருந்தது: ஓரத்தை ஒரே கோடாக வெட்டியதால் மெல்லிய முடியும் அடர்த்தியாகத் தெரிந்தது. இதைச் சிநேகிதி கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஒவ்வொரு முடியும் இழையளவில் மெலிகிறது, வளரும் காலமும் குறைகிறது. அப்படிப்பட்ட தலையில் யாராவது பல்லுக்கத்தரியை எடுத்து, "கனம் குறைக்கிறேன், லேசா இருக்கும்" என்றால் கையைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். குறைப்பதற்கு அங்கே கனமே கிடையாது.

பிக்ஸிக்கு வந்தபின்தான் எனக்கு விடுதலை. தலைக்குக் குளித்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் அரை நாள் முதுகில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது இரவு பத்து மணிக்குக்கூடத் தலைக்குக் குளிக்கிறேன். வகிடு அகன்றுகொண்டே போகிறதே என்று பத்து வருடமாக இருந்த கவலை ஒரே நாளில் போனது, ஏனென்றால் இப்போது வகிடே இல்லை. முன்முடி ஒருபக்கமாகச் சாய்ந்து நெற்றியில் விழுகிறது; நெற்றியின் இரண்டு ஓரத்திலும் முடி குறைந்த இடத்தை அதுவே மூடிக்கொள்கிறது. முகத்துக்குப் பொருந்துகிறதா என்று கேட்டால், மிக நன்றாகப் பொருந்துகிறது. நீள முடியை இறுக்கி வாரிக் கொண்டை போட்டபோது முகம் மொத்தமும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது காதுக்கு மேல் கொஞ்சம் உயரம் இருப்பதால் முகமும் ஏறித் தெரிகிறது.

எதிர்பாராமல் கிடைத்தது பிடரி. வெட்டிய அன்றைக்கு மகள் பின்னால் நின்று, "அம்மா, உனக்கு இங்க ஒரு மச்சம் இருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினாள். 59 வருடம் என்னோடு இருந்த மச்சம். இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிடரிக்குழிக்கு இடப்பக்கம், கடுகளவு. பின்னலுக்கும் கொண்டைக்கும் அடியிலேயே இருந்த கழுத்தில் முதல்முறையாகக் காற்று பட்டது. அந்தச் சுகத்தை இன்னொருத்திக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வார்த்தை போதாது.

இனி சுழி.

குட்டை முடி பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முக வடிவத்துக்குப் போய்விடுகிறார்கள். வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது, சதுரத் தாடைக்கு இன்னொன்று. காட்டுகிற படங்களும் முன்பக்கத்துப் படங்கள்தான். நானும் ஆங்கில நடிகை ஜூடி டென்ச்சின் வெள்ளைக் குட்டை முடியைப் படத்தில் காட்டித்தான் கேட்டேன். அந்தப் படத்தில் அவருடைய உச்சந்தலை இல்லை. குட்டை முடியை வாழவைப்பதும் கெடுப்பதும் பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்கள்: உச்சிச் சுழி, பிடரி ஓரம். முக வடிவம் அதற்கப்புறம்தான்.

சுழி எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வலஞ்சுழி, சிலருக்கு இடஞ்சுழி, கொஞ்சம் பேருக்கு இரட்டைச் சுழி. நீள முடியில் சுழியின் பலம் தெரியாது. முடியின் கனமே அதைக் கீழே இழுத்து அமுக்கிவைத்திருக்கும். குட்டையாக வெட்டியதும் அந்தக் கனம் போய்விடுகிறது. வேர் எந்தத் திசையில் தோலிலிருந்து கிளம்புகிறதோ அந்தத் திசையில் முடி எழுகிறது. அறுபது வயதில் அங்கே அடர்த்தியும் குறைந்திருப்பதால் சுழியின் நடு வெளிச்சத்தில் வழுக்கை மாதிரி தெரியும். பின்னால் வருகிற எல்லோரும் பார்க்கும் இடம் அது. நான் மட்டும் பார்க்க முடியாது.

ஆறு நாள் முன்பு நடந்தது இதுதான். எனக்கு வழக்கமாக வெட்டுகிறவர் ஊரில் இல்லை. ஐந்து வாரம் தாண்டிவிட்டதால் பொறுமையில்லாமல் வேறொருவரிடம் போய் உட்கார்ந்தேன். தலையைக் கழுவி, சொட்டச் சொட்ட ஈரத்தில் வாரி, உச்சியையும் மற்ற இடத்தின் அளவுக்கே வெட்டிக்கொண்டே போனார். "அங்க சுழி இருக்கு, கொஞ்சம் நீளமா விடுங்க" என்றேன். "தெரியும்மா, சரியா வரும்" என்றார். நனைந்த முடி இழுத்தால் நீளும், காய்ந்ததும் சுருங்கும். சுழி இருக்கும் இடத்தில் சுருங்கி, மேலேயும் ஏறிக்கொள்ளும். ஈரத்தில் மூன்று சென்டிமீட்டராகத் தெரிந்தது காய்ந்தபோது இரண்டரைதான் இருந்தது. இரண்டரை என்பது சுழியில் ஆகவே ஆகாத நீளம். ஒரு சென்டிமீட்டராக ஒட்ட வெட்டினால் நிற்பதற்கே முடி இருக்காது. ஐந்து சென்டிமீட்டர் விட்டால் தன் கனத்தில் தானே சாய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அது நின்றுகொண்டேதான் இருக்கும்.

பிடரியையும் மெஷினால் நேர்க்கோடாக வழித்துவிட்டார். நேர்க்கோடு முதல் வாரம் சுத்தமாக இருக்கும். இரண்டாவது வாரம் அடியில் முளைக்கும் முடி கோட்டை அழுக்கு மாதிரி காட்டும். கத்தரி நுனியால் ஓரத்தைக் கரைத்து, முடி இயல்பாக முடியும் வடிவத்திலேயே விட்டிருந்தால் வளர்வதே தெரியாது.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கத்தரி பிடித்த கை நல்ல கை. காதோரமும் முன்முடியும் எனக்கு இதுவரை அமைந்ததிலேயே அழகாக இருக்கின்றன. நரைத்த முடிக்கு ரேசர் வேண்டாம் என்று நான் சொல்லாமலே அவர் கத்தரியை எடுத்தார். ரேசர் பட்ட நரைமுடியின் நுனி பிசிறு பிசிறாகிவிடும் என்பது தெரிந்தவர். இவ்வளவு தெரிந்தவர் நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்காமல் போனாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தத் தலையோடு அறுபத்து மூன்று வருடம் வாழ்கிறவள் நான். என் சுழி எனக்குத் தெரியாதா?

1960-களில் லண்டனில் முடிதிருத்தும் கலைஞர் விடால் சசூன் செய்த புரட்சியே முடி வெட்டும் விதத்தைப் பற்றியதுதான். முடி சுருட்டும் குழல், ஸ்பிரே எதுவும் இல்லாமல், கழுவி உதறினால் தானாக வடிவத்துக்கு வருகிற மாதிரி முடியின் போக்கை மதித்து வெட்டினார். 1964-இல் வந்த அவருடைய ஐந்து முனை வெட்டில் பிடரிக்கும் முனைகள் உண்டு. பின்பக்கத்தையும் முகம் மாதிரி நினைத்தவர். அறுபது வருடம் கழித்து நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

எனக்கு வழக்கமாக வெட்டுகிறவர், முதல் நாள் தலை காய்ந்திருக்கும்போதே விரலால் கோதி, சுழி எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார். ஈரத்தில் பொதுவான வடிவத்தை மட்டும் வெட்டினார். உலர்த்தியபின் உச்சியை மறுபடி பார்த்து இரண்டு மூன்று இழையாக எடுத்து முடித்தார். கூடுதலாக ஆனது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தால் எனக்கு ஒவ்வொரு மாதமும் முப்பது காலை நிம்மதி.

காலையில் செய்வதும் சுலபம்தான், செய்கிற நேரம் முக்கியம். முடிக்குள் புரத இழைகளைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் அவிழும். காயும்போது முடி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி பிணைந்துகொள்ளும். அதனால்தான் தூங்கி எழுந்ததும் தலையணை அமுக்கிய பக்கம் தட்டையாகவே நிற்கிறது. உலர்ந்த முடியை எத்தனை முறை சீவினாலும் பயனில்லை. உச்சியை மட்டும் வேர்வரை நனைத்து, விரலால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே டிரையரை மிதமான சூட்டில் இரண்டு நிமிடம் காட்டினால் போதும். சுழி தன் திசையை மறந்துவிடும். தோள் வலி இருந்த நாளில்கூட இடது கையால் செய்தேன். மெழுகு, ஜெல் எல்லாம் மெல்லிய முடியைப் படிய வைத்து மண்டைத்தோலைத்தான் காட்டும். தேவைப்பட்டால் வேரில் மட்டும் கொஞ்சம் மூஸ் என்கிற நுரை.

மற்ற குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடியின் கால் போகும் இடத்தில் காதுக்கு மேல் முடி நீளமாக இருந்தால் இறக்கை மாதிரி வெளியே தள்ளும். வெட்டப் போகும்போது கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய், கடைசியில் போட்டுக் காட்ட வேண்டும். நரை வெயிலிலும் கடின நீரிலும் மஞ்சளிக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை ஊதா ஷாம்பு அதைச் சரிசெய்கிறது. பிடரியும் காதுமடலும் வெயிலில் கறுக்கும், சன்ஸ்கிரீனை அங்கேயும் தடவ வேண்டும்.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது முடி. இடுப்புவரை இருந்தவளுக்கு அது ஒன்றுமே இல்லை. நான்கு சென்டிமீட்டர் முடியில் அது கால்பங்கு. எனவே நான்கு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. "வெட்டிவிட்டால் வேலை மிச்சம்" என்று சொல்வதில் பாதிதான் உண்மை. காலை வேலை மிச்சம். ஆனால் உன் தலை இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போனால், கடையை மூடினால், கை நடுங்கும் வயதுக்கு வந்தால் என்ன செய்வது என்பது என் மனதில் எப்போதும் ஓடுகிறது. பின்னிவிடச் சொல்லி மகளைக் கேட்கப் பிடிக்காமல் வெட்டியவள் நான்; இப்போது வேறொருவரைக் கேட்கிறேன். இந்த ஆறு நாளில் இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சிநேகிதிக்குப் பதில் சொல்ல வேண்டும். மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் நல்லதுதான் அதிகம் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிக்ஸி வேண்டாம். உச்சியில் கனம் தங்குகிற மாதிரி, பிடரியை மூடி, தாடைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும் பாப் வெட்டிக்கொள். எட்டு வாரம், பத்து வாரம் தாங்கும். தப்பாக வெட்டினாலும் சாய்த்து வாரி மறைக்கலாம்.

எனக்கு உச்சியில் ஐந்து சென்டிமீட்டர் திரும்பி வர இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை வேறெங்கும் வெட்டாமல் விட்டால் பாப் நீளத்தை நோக்கிப் போய்விடலாம். ஓரங்களை மட்டும் எடுத்தால் பிக்ஸியிலேயே இருக்கலாம். இரண்டில் எது என்று மகள் நேற்றே கேட்டாள். வழக்கமாக வெட்டுகிறவர் அடுத்த வாரம் வருகிறாராம். அன்றைக்கு நேரம் வாங்கிவிட்டேன், ஓரங்களுக்கு.

சிநேகிதியே, நீ எதை முடிவு செய்வதாக இருந்தாலும் ஒருமுறை தலைக்குக் குளித்துவிட்டு, வாராமல், ஈரத்தோடு என் வீட்டுக்கு வா. ஜன்னல் பக்கம் உட்காரவைத்து உன் சுழி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.