நான்கு போட்டி, ஒரு கொப்பரை உலர்த்தி: எதற்கு விண்ணப்பம் போடுவது?

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் வரிசையாக நான்கு இணைப்புகளை அனுப்பிவிட்டு, "மாமா, இதுல எதுக்குப் போடட்டும்?" என்று கேட்டிருந்தான். நான்கும் பசுமைத் தொழில்நுட்பத் தொழில்முனைவோருக்கான போட்டிகள். அவனும் கூடப் படித்த பையனும் சேர்ந்து காங்கயம் பக்கத்தில் ஒரு கொப்பரை உலர்த்தி செய்திருக்கிறார்கள். பாலிகார்பனேட் கூரை போட்ட நீள அறை, உள்ளே அடுக்குத் தட்டுகள், ராத்திரியும் மழை நாளும் சூடு கொடுக்கத் தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) எரிக்கிற சின்ன அடுப்பு. வெயில் களத்தில் ஐந்தாறு நாள் கிடக்கும் தேங்காய்ப் பருப்பு இதில் மூன்று நாளில் காய்ந்துவிடுகிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். காயத்தான் செய்கிறது.

இதுபோன்ற சில போட்டிகளுக்கு முதல் சுற்று விண்ணப்பங்களைப் படித்துத் தரம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்வேன். பரிசுத்தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் தப்பான வாசலில்தான் போய் நிற்போம். விண்ணப்பம் போட்ட நாளுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவில் அந்தப் போட்டி நம்மை என்ன வேலை வாங்கும் என்று பார்க்க வேண்டும். கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் பரிசு இல்லாமல்தான் வீடு திரும்புகிறார்கள். நடுவில் செய்த வேலை மட்டும் கையில் நிற்கும்.

அவன் பட்டியலில் முதலில் இருந்தது எர்த்ஷாட் பரிசு. 2020-ல் தொடங்கப்பட்டது, ஆண்டுக்கு ஐந்து பேருக்குத் தலா 10 லட்சம் பவுண்டு. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியோடு 2021-ல் அதன் இறுதிப் பட்டியலுக்குப் போனார். அதே ஆண்டில் பயிர்க்கழிவை வயலிலேயே பதப்படுத்தும் சிறு இயந்திரத்துக்காக டெல்லியின் வித்யுத் மோகனுடைய டக்காசார் பரிசை வென்றது. அதனால் நம் ஆட்களுக்கு எட்டாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. பரிந்துரைக்கும் அமைப்புகள் இருக்கின்றன, அவர்கள் கண்ணில் பட வேண்டும். அபுதாபியின் ஜாயித் நிலைத்தன்மைப் பரிசுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஊரில் நின்று பலன் காட்டியவர்களுக்கானது அது. ஓர் உலர்த்தியும் ஒரு மாதத்துப் பதிவேடும் வைத்துக்கொண்டு அங்கே எழுதுவது, பாளை விடாத தென்னைக்குக் குத்தகை பேசுவது போல. இரண்டையும் அடித்துவிடச் சொன்னேன்.

மிச்சம் கிளைமேட் லாஞ்ச்பேடும், ஐஐடி மெட்ராஸின் கார்பன் ஜீரோ சேலஞ்சும். ஐந்தாவதாக நான் ஒன்றைச் சேர்த்தேன்: தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதுத் தொழில்களுக்குக் கொடுக்கும் டான்சீட் தொடக்க நிதி. அதைப் போட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விண்ணப்பம், வடிகட்டல், குழுவின் முன் பேச்சு என்று நடப்பதெல்லாம் போட்டிதான்.

கேள்வி கேட்கும் போட்டியும் காசு கொடுக்கும் போட்டியும்

கிளைமேட் லாஞ்ச்பேடை ஐரோப்பாவின் கிளைமேட்-கிக் அமைப்பு 2014-ல் தொடங்கியது. நாட்டுக்கு நாடு நடத்துபவர் வேறு. யோசனை அளவில் இருப்பவர்களுக்கானது. கம்பெனி பதிவுகூட முடிந்திருக்க வேண்டியதில்லை. உலக இறுதிச் சுற்றில் முதல் பரிசு 10,000 யூரோ என்பதே நெடுநாள் வழக்கம். நம் காசுக்குப் பத்து லட்சம் பக்கம். கம்பெனியில் பங்கு கேட்க மாட்டார்கள். உலகம் முழுக்க இருந்து வரும் அணிகளைத் தாண்டித்தான் அது கிடைக்கும் என்பதால், அந்தப் பணத்தை எண்ணிக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை. அதன் சரக்கு வேறு. சில நாள் பயிற்சி முகாம், பிறகு பயிற்சியாளரோடு பல அமர்வுகள். ஒவ்வொன்றிலும் 'உன் வாடிக்கையாளர் யார், அவரிடம் பேசினாயா, என்ன சொன்னார்' என்று குடைந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த முறைக்கு ஒரு முன்கதை உண்டு. 2006 வாக்கில் கலிபோர்னியாவில் பிறந்த கிளீன்டெக் ஓப்பன் போட்டி, பரிசு மேடையைவிடப் பயிற்சித் தாள்களை நம்பியது. ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி நிறுவனமான யுனிடோ அந்த மாதிரியை எடுத்து 2011-ல் டர்பன் காலநிலை மாநாட்டை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் சோதித்தது. 2013-ல் அது இந்தியாவுக்கும் வந்தது, மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தோடு சேர்ந்து. வெற்றி பெற்றவர்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்தத் தாள்களை மட்டும் இன்றைக்கும் புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்களில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கார்பன் ஜீரோ சேலஞ்ச் இதற்கு நேர் எதிர். 2017-ல் ஐஐடி மெட்ராஸில் தொடங்கியது. தேர்வாகும் அணிக்கு மாதிரி இயந்திரம் செய்யவே பணம் தருவார்கள். 2019 சுற்றில் அது 5 லட்சம் வரை. வெல்டிங் பட்டறைக்கும் மோட்டாருக்கும் ஈரமானிக்கும் காசு வேண்டியவனுக்கு இது பெரிய விஷயம். பேப்பரில் வரைந்ததை இரும்பில் பார்ப்பதற்கு நம் ஊரில் எளிதில் பணம் கிடைப்பதில்லை. வங்கிக்காரர் ஜாமீன் கேட்பார், அப்பா கல்யாணத்தை ஞாபகப்படுத்துவார்.

எனவே முதலில் நானும் ஐஐடிப் போட்டி பக்கம்தான் சாய்ந்தேன். களத்துக்குப் போய்ப் பேசிய பிறகு மாறிவிட்டேன்.

அவர்கள் கணக்கு இப்படி: களத்துக்காரரிடம் உலர்த்தியை விற்பது. காங்கயம் மழை குறைந்த சீமை. அதனால்தான் எங்கெங்கோ காய்த்த தேங்காயும் இங்கே வந்து உடைபட்டுக் காய்கிறது. நாங்கள் பேசிய களத்துக்காரர் ஒருவர், இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்கு. ஆனா நான் எதுக்குங்க வாங்கோணும்?" என்றார். களம் அவருடையது, சிமெண்டுத் தரை எப்போதோ போட்டாயிற்று, வாடகை மழைக்கும் வரும் வெயிலுக்கும் வரும். ஐப்பசியில் நாலு நாள் மூட்டம் போட்டுப் பருப்பு பூசணம் பிடித்தால் நட்டம் அவருக்கு இல்லை, காயை வாங்கிக் காயப்போட்ட வியாபாரிக்கு. வியாபாரிக்கோ நிலையான இடம் கிடையாது. இந்தப் பருவம் இந்தக் களம், அடுத்தது வேறு. அவருக்கு வேண்டியது விலைக்கு வாங்கும் உலர்த்தி அல்ல. மழை வரும் வாரத்துக்கு மட்டும் வாடகைக்கு வந்து நிற்கும் உலர்த்தி. அப்படியென்றால் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். இவர்கள் செய்திருப்பதோ கான்கிரீட்டில் போல்ட் அடித்தது.

5 லட்சம் கையில் வந்திருந்தால் இதே போல்ட் அடித்த இயந்திரத்தை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்திருப்பார்கள். கேள்வி கேட்கும் போட்டி அவர்களை இருபது களத்துக்கு நடக்கவைக்கும். இப்போதைக்கு இந்த இருவருக்கும் தேவை அதுதான். உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். வாங்குபவர் யார் என்று தெளிவாகத் தெரிந்து, இயந்திரம் மட்டும் பாக்கி என்றால் ஐஐடிப் பக்கமே போங்கள், பயிற்சி முகாமில் உட்கார்ந்து கொட்டாவி விடாதீர்கள்.

கரியமிலக் கணக்கில் ஓட்டை

அவன் எழுதி வைத்திருந்த முதல் வரைவில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ஆண்டுக்கு இத்தனை டன் கரியமில வாயு மிச்சம். எதோடு ஒப்பிட்டு என்று கேட்டேன். "களத்தோட, மாமா" என்றான்.

களத்தில் என்ன எரிகிறது? ஒன்றும் எரியவில்லை. வெயிலில் பருப்பு கிடக்கிறது. இவன் இயந்திரத்தில்தான் ராத்திரி தொட்டி எரிகிறது. வெயிலை வெயிலோடு ஒப்பிட்டு எப்படியப்பா மிச்சம் பிடித்தாய்? பையன் முகம் சுருங்கிவிட்டது. சுற்றுச்சூழல் போட்டிகளில் நல்ல பொறியாளர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். தன் பொருளை ஆயிரம் முறை அளப்பார்கள், தான் மாற்றப்போகும் பழைய வழக்கத்தை ஒரு முறையும் அளக்க மாட்டார்கள்.

கேரளத்திலும் இலங்கையின் குருநாகல், புத்தளம் பக்கமும் புகையடுப்பில் கொப்பரை காயவைக்கும் வழக்கம் உண்டு. அதோடு ஒப்பிடலாமே என்றான். அங்கேயும் எரிவது பெரும்பாலும் தொட்டியும் மட்டையும். மரம் இழுத்த கரி மறுபடி காற்றுக்குப் போகிறது என்று கணக்கில் கழித்துவிடுவார்கள், அங்கேயும் மிச்சம் நிற்காது. புகை குறைவது நிஜம், அதைப் புகை என்றே எழுதலாம். எரிக்காமல் மிச்சமாகும் தொட்டி, காங்கயம் வட்டாரத்துக் கரி ஆலைக்கு விலைக்குப் போகும், அதையும் எழுதலாம். பூசணத்தில் போகிற பருப்பு எத்தனை மூட்டை, மழை நாளில் பூசணத்தைத் தடுக்கக் கந்தகப் புகை போடுவது நின்றதா இல்லையா, இவற்றுக்கு எண் இருந்தால் வலுவான விண்ணப்பம். அந்த எண் மழை மாதத்தில்தான் கிடைக்கும். சித்திரை வெயிலில் 50 சதவீத ஈரத்தை 6 சதவீதத்துக்கு இறக்கியதைப் பார்த்து நடுவர் யாரும் மயங்க மாட்டார்.

கிளைமேட் லாஞ்ச்பேட் பெயரிலேயே காலநிலை இருப்பதால் அங்கே இந்த ஓட்டை மதிப்பெண்ணைத் தின்னும். அங்கே இவர்கள் ஜெயிக்கப் போவதில்லை என்றே நினைக்கிறேன். தெரிந்தேதான் போகச் சொல்கிறேன்.

அரசுப் பணம்: எதை முன்னால், எதைப் பின்னால்

டான்சீட்டில் பொதுவாக 10 லட்சம். பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். இவன் பசுமை என்று டிக் அடிக்கப் போனான். ஊரக வாழ்வாதாரம் என்று போனால் அதே 15 லட்சம், கரியமிலக் கணக்கில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். வியாபாரியின் நட்டம் குறைவது, மழை வாரத்திலும் பருப்பு தோண்டும் பெண்களுக்குக் கூலி நிற்காமல் இருப்பது இரண்டும் நிஜமான பேச்சு.

இனாம் அல்ல, பதிலுக்குக் கம்பெனியில் 3 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும். 15 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் கம்பெனிக்கு 5 கோடி மதிப்பு போட்டதாகிறது. ஓர் உலர்த்தி வைத்திருக்கும் கம்பெனிக்கு வெளியில் யாரும் அந்த விலை சொல்ல மாட்டார்கள். பங்கு போகிறதே என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சிக்கல் வேறு இடத்தில். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி 2021-ல் 945 கோடியோடு வந்தது. கருத்தை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம், இன்குபேட்டர் வழியாக, தவணை தவணையாக. அதன் விதியில் ஒரு வரி: வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. போட்டிகளில் வென்ற பரிசுப் பணம் இந்தக் கணக்கில் சேராது என்றும் அதே விதி சொல்கிறது. அதாவது போட்டியில் எவ்வளவு ஜெயித்தாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும். டான்சீட்டில் 15 லட்சம் வாங்கிய மறுநாள் மூடிக்கொள்ளும். கம்பெனி பதிந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இன்னொரு கெடு. இப்போது எந்த இன்குபேட்டர் விண்ணப்பம் வாங்குகிறது என்று விசாரித்துவிட்டு, முடிந்தால் அதை முன்னால் வையுங்கள்.

டான்சீட், விதை நிதி இரண்டுக்கும் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். அது பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்றவற்றுக்குத்தான். அப்பா பெயரில் இருக்கும் பட்டறையின் ஜிஎஸ்டி எண்ணை வைத்துக்கொண்டு போனால் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவன் அந்த எண்ணோடுதான் வந்திருந்தான்.

மேடை ஏறும் முன்

காப்புரிமை. பொதுமேடையில் அடுப்பின் காற்றுப்பாதையைப் படம் போட்டுக் காட்டிவிட்டால் அது புதுமை என்ற தகுதியை இழக்கும். இந்தியச் சட்டத்தில் கண்காட்சிகளுக்கு 12 மாதச் சலுகை இருக்கிறது. ஆனால் மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும். ஹோட்டல் அரங்கில் நடக்கும் போட்டியை அதில் சேர்த்துக்கொள்ள முடியாது. தற்காலிக விண்ணப்பம் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய். அதன்பின் முழு விவரம் கொடுக்க 12 மாதம் நேரம். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் எழுதிக்கொடுக்கும் முகவரின் கட்டணத்தை அரசே கொடுக்கும் திட்டமும் உண்டு. தேதியைக் கவனியுங்கள்: அந்த 12 மாதத்துக்குள் ஒரு மழைக்காலம் வந்துபோக வேண்டும்.

நேற்று ராத்திரி கூப்பிட்டான். தற்காலிக விண்ணப்பம் போட்டாயிற்று, ஒன்பது களம் முடிந்தது, இன்னும் பதினொன்று. எட்டாவது களத்தில் ஒரு வியாபாரி, ஐப்பசியில் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாரத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்று தொகையே சொல்லிவிட்டாராம்.

"போல்ட்டைக் கழட்டீட்டீங்களாடா?"

"வெல்டர் நாளைக்கு வர்றானுங்க மாமா."