பழைய ஃபிளாட் வாங்கும்போது மேல்வீட்டு பாத்ரூமையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்

எங்கள் கூரையில் கசிந்துகொண்டிருந்த மேல்வீட்டு பாத்ரூமை உடைத்துத் திரும்பப் போட்டு இப்போதுதான் முடிந்தது. நம் கூரை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், 1990களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் நடுமாடி வீடு வருகிறது, வாங்கலாமா என்கிறார். ஏரியா, விலை, ஸ்கூல் எல்லாம் அவருக்கே தெரியும். மற்றதை எழுதுகிறேன், சூடு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சென்னையில் அந்தக் காலத்துக் கட்டடங்களில் வெளிச்சுவர் முழுச் செங்கல், ஒன்பது அங்குலம். சமையலறையில் நின்று கை நீட்டலாம். எதிரெதிர் ஜன்னல் இருப்பதால் காற்று வரும். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் யூடிஎஸ், அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. அப்போது சாதாரணக் குடியிருப்புக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5, ஆகவே 900 சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக 600 அடி நிலம் உங்கள் பெயரில் வரும். 2019 விதிகளில் இது 2.0 ஆனது, உயரக் கட்டடங்களுக்கு 3.25. அதே 900 அடியைப் புது டவரில் வாங்கினால் நிலம் 300 அடியைத் தொடாது. நாளைக்கு இடித்துக் கட்டும்போது பேசப்போவது நிலம்தான். 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம், ஒரே ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிற கதை இனி இல்லை.

இத்தனை நல்லதையும் ஒரு பாத்ரூம் தின்றுவிடும். உங்களுடையது அல்ல, மேலே இருப்பவருடையது.

பழைய கட்டடங்களில் பாத்ரூம் ஸ்லாபை மற்ற தரையைவிட முக்கால் அடியிலிருந்து ஒரு அடி வரை இறக்கிப் போட்டிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதைத்தான். அந்தப் பள்ளத்துக்குள் நஹானி டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வடிகால் கிண்ணம்), கழிவுக் குழாய் எல்லாவற்றையும் வைத்து, மேலே உடைந்த செங்கலைக் கொட்டி நிரப்பி, கலவை போட்டு டைல் ஒட்டிவிடுவார்கள். டைல் இடுக்கு வழியாகவும் டிராப் ஜாயிண்ட் வழியாகவும் இறங்குகிற தண்ணீர் அந்தச் செங்கல் ஜல்லிக்குள் தேங்கும். வெளியே போக வழி கிடையாது. ஜல்லி ஊறி நிரம்பிய பிறகுதான் ஸ்லாப் வழியாகக் கீழே வரும். அதாவது உங்கள் கூரையில் முதல் ஈரத் திட்டு தெரிகிற அன்று, உள்ளே கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்து வெகு நாளாகியிருக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் அடிக் கான்கிரீட் பொரிந்து விழும்.

கசிவு எங்கிருந்து என்று தெரியாமல் யாரும் உளியைத் தொட விடாதீர்கள். முறை எளிது. முதலில் மொட்டைமாடியில் அந்த வீட்டுக்கு இறங்கும் லைனின் கேட் வால்வை ஓர் இரவு மூடச் சொல்லுங்கள். காலையில் சொட்டு நின்றிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் குழாய். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். நிற்காவிட்டால் பெரும்பாலும் கழிவுக் குழாயோ தரையோ. ஊறிய ஜல்லி வடிந்து முடிய நாளாகும் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. அடுத்து டிராப் வாயை அடைத்துவிட்டுத் தரையில் ஒரு அங்குலத் தண்ணீரை நிறக்கலவையோடு 48 மணி நேரம் நிறுத்துங்கள். மட்டம் இறங்கினாலோ கீழே நிறம் வந்தாலோ தரைதான். மட்டம் அப்படியே இருந்தால், அடைப்பை எடுத்து டிராப் வழியாக ஊற்றிப் பாருங்கள், கீழே நிறம் வந்தால் கழிவுக் குழாய். மழைக்கு மட்டும் ஈரம் என்றால் பாத்ரூமைத் திட்ட வேண்டாம், வெளிச்சுவர் விரிசலைப் பாருங்கள்.

இதற்கு வருகிற ஆட்கள் முதலில் சொல்வது, டைல் இடுக்கில் எபாக்சி பசை அடைத்துவிடலாம், அல்லது கீழிருந்து ஊசி போட்டுக் கெமிக்கல் ஏற்றிவிடலாம் என்பது. இரண்டுமே வீண். பள்ளத்துக்குள் இருக்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் அடைத்தால் அடுத்த சீசனில் படுக்கையறைச் சுவரில் எட்டிப் பார்க்கும். சரியான வேலை என்றால் டைல், ஜல்லி எல்லாவற்றையும் ஸ்லாப் தெரியும் வரை வாரி வெளியே போட வேண்டும். சிறிய பாத்ரூமிலும் மூட்டை மூட்டையாக வரும், இறக்க ஆள் கூலி தனி. டிராப், குழாய் எல்லாம் புதிது. மூலைகளைக் கலவையால் வளைத்துப் பூசி, பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கோட், முதலாவதற்குக் குறுக்காக இரண்டாவது, சுவரில் ஒரு அடி ஏற்றி, ஷவர் பக்கம் ஆறடி வரை. பிறகு 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து, வெளியே குழாய்கள் இறங்கும் டக்டுக்கு ஒரு அங்குலக் குழாய் ஒன்று விடச் சொல்லுங்கள். என்றாவது தண்ணீர் இறங்கினாலும் அதன் வழியே ஓடிவிடும். மேஸ்திரிகள் இதை மட்டும் மறந்துவிடுவார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் என்ன பயன்? வேலை நடக்க வேண்டிய இடம் உங்களுடையது இல்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில், குடியிருப்பவர் வாடகைக்கு, சங்கத்தைக் கேட்டால் "அது உங்க ரெண்டு பேர் விஷயம் சார்." பணம்கூடப் பிரச்சினை இல்லை. மேலே இருப்பவர் இரண்டு வாரம் பாத்ரூம் இல்லாமல் இருக்க ஒத்துக்கொள்ள வேண்டுமே!

எனவே வீடு பார்க்கப் போகும்போது கையில் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் போதும். பாத்ரூம் கூரையையும் அதை ஒட்டிய அறையின் மேல் மூலையையும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, பழுப்புக் கோடு கம்பி போன வழியில் நேராக ஓடுகிறதா? அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் என்றாலும், பாத்ரூமில் தேவையே இல்லாமல் ஃபால்ஸ் சீலிங் என்றாலும் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பரண் இருந்தால் ஏறிப் பாருங்கள், அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். பிறகு பின்புற டக்ட். குழாய் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் அந்த மட்டத்தில் ஓயாமல் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக ஒரு நுணுக்கம்: மேல்வீடு காலியாக இருந்தால் கூரை காய்ந்து சுத்தமாகத் தெரியும். கீழே மீட்டர் பலகையில் அந்த வீட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆள் இருந்தால் மாடி ஏறி மணி அடித்துப் பேசிவிட்டு வாருங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் தெரிவது எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.

மற்றவை சுருக்கமாக. ஸ்டில்ட், அதாவது கார் நிறுத்தும் தரைத்தளத்துத் தூண்களின் கீழ்ப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளென்று ஒலித்தாலோ, கம்பி நெடுக நேர்விரிசல் இருந்தாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வராமல் முன்பணம் வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரம் என்றால் இது கட்டாயம். குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து விசை பாருங்கள். வயரிங்கில் எர்த் உண்டா, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் போகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் எல்லா வீடுகளின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா, கடைசி மாடி சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் இருக்கிறதா என்பதை வக்கீலிடம் குறிப்பாகக் கேளுங்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டையும் வாங்கிப் படியுங்கள், யாருக்கும் யாருக்கும் கசிவுச் சண்டை என்பது அதில் இருக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் நடுமாடி வேண்டாம். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் ஒதுக்குகிற கடைசி மாடியை, அது அனுமதி பெற்ற மாடியாக இருந்தால், வாங்கிக்கொள்ளுங்கள். மேலே பதித்த தட்டோடு பெயர்ந்து மழை இறங்கினாலும் மொட்டைமாடி பொதுச் சொத்து, சங்கத்தின் செலவு. கூட்டத்தில் சத்தம் போட்டாவது வேலையை வாங்கிவிடலாம். வெயிலுக்கு வெள்ளை கூலிங் டைல் இருக்கிறது. மேல்வீட்டுக்காரருக்குத்தான் கடையில் எதுவும் விற்பதில்லை.