ஊதியமில்லா அறங்காவலர்களும் ஒரு தியான மையமும்

தியான முகாம்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தமக்குள் நிகழ்ந்ததையே எழுதுகிறார்கள்; அடுத்தவருக்கு அதனால் ஆவது குறைவு. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில், வயல்களுக்கு நடுவே இயங்கும் ஒரு பௌத்த தியான மையத்தில் பத்து நாள் மௌன முகாமை முடித்து வந்த நான், இங்கே அந்த இடம் நடத்தப்படும் விதத்தைப் பற்றி, அதிலும் சம்பளம் வாங்காமல் அதை வழிநடத்தும் அறங்காவலர் குழுவைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

உணவுக்கும் உறைவிடத்துக்கும் கட்டணம் கிடையாது. முகாமை முழுமையாக முடித்தவர்களிடம் மட்டுமே, கடைசி நாளில், அவர்கள் விரும்பினால் நன்கொடை பெறுகிறார்கள். பாதியில் கிளம்புபவர் வற்புறுத்தினாலும் வாங்குவதில்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை மேசையில் இருந்த அறங்காவலரே முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட்டிருக்கிறது. இதே வட்டாரத்தில்தான், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக, விட்டுக்கொடுத்தான். இந்த மையத்துக்கு அப்படி ஊர் எதுவும் இல்லை. முந்தைய முகாமில் வந்தவர் கொடுத்ததில்தான் இந்த முகாமின் அடுப்பு எரிகிறது. அதை நினைத்தால் கணக்கில் அவர்கள் காட்டும் கறார் புரிகிறது.

குழுவில் ஏழு பேர். எல்லோரும் இதே மையத்தில் பலமுறை அமர்ந்த பழைய மாணவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், தணிக்கையாளர், அரிசி ஆலை நடத்துபவர், மோட்டார் பம்பு வியாபாரி என்று பிழைப்பு வேறு வேறு. இந்த அனுபவம் எங்கெல்லாம் பாய்கிறதோ அங்கெல்லாம் மையம் செழிப்பாக இருக்கிறது. கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பேறும் பகுதி இது; குடிக்கவும் சமைக்கவும் மழைநீர்த் தொட்டி, குளிக்க ஆழ்துளைக் கிணறு என்று பிரித்துக் குழாய் போட்டிருக்கிறார்கள். கட்டடங்கள் வயல்மட்டத்தைவிட இடுப்பளவு உயரத்தில் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த கைகள் கட்டியவை என்பது கூரையின் இரும்புப் பிணைப்புகளிலேயே தெரிகிறது. சமையலும் அப்படித்தான்: காலையில் கஞ்சியும் பாசிப்பயறுச் சுண்டலும், பகல் பதினொரு மணிக்குச் சோறும் கீரைக்கூட்டும், மாலையில் புதியவர்களுக்குப் பொரியும் வாழைப்பழமும், அளவான எண்ணெய், அளவான காரம்.

நான் மிகவும் மெச்சுவது ஒலிபெருக்கி விஷயத்தை. பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எதிராக இவர்கள் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதவில்லை. நாட்டாண்மையைப் போய்ப் பார்த்து, திருவிழா நாட்களை முன்பே கேட்டறிந்து, முகாம் அட்டவணையை அதற்கேற்ப அமைக்கிறார்கள். இரவில் அறுவடை இயந்திரம் ஓடினால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. செய்யவும் கூடாது, சம்பா காத்திருக்காது.

பெண்கள் பகுதிக்கு வந்தால் இத்தனையும் மங்குகிறது. நாங்கள் தங்கிய வரிசையில் குளியலறைத் தாழ்ப்பாள்கள் பாதிக்கு மேல் சரியாக விழவில்லை. துணிக்கொடி வெயிலே எட்டாத சுவரோரம் இருந்தது. நாப்கின் போடத் தனிக்கூடை இல்லாததால் பெண்கள் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். சேவைக்கு வந்திருந்த பெண்கள் இவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். முகாம் நடக்கும்போது ஆண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது நல்ல விதி. ஆனால் முடிவெடுக்கும் ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள். ஏழாமவர் சென்னையிலிருந்து காணொலியில் கலந்துகொள்பவர். ஆக, அந்த இடத்தைக் குழுவில் யாருமே கண்ணால் பார்ப்பதில்லை. நோட்டில் இருப்பது மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது, ஒப்புதலும் கிடைக்கிறது. ஆனால் தச்சர் உள்ளே நுழைய இரு முகாம்களுக்கு இடையிலான சில நாட்கள்தான் உண்டு, அந்த நாட்களில் எல்லோரும் அரிசி மூட்டை இறக்குவதில் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள் சேர்ந்தே ஒரு தாழ்ப்பாளை மாதக்கணக்கில் தள்ளிப்போட முடியும் என்பதை அங்கே பார்த்தேன்.

பௌத்த சங்கத்துக்கு இது புதிய சிக்கலும் அல்ல. உறைவிடம் ஒதுக்கும் பிக்கு விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகியவற்றால் வழிதவறாதவராகவும், எது ஒதுக்கப்பட்டது எது ஒதுக்கப்படவில்லை என்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும் என்கிறது துறவிகளுக்கான ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநய பிடகம். முதல் நான்கில் இந்தக் குழுவிடம் நான் குறை காணவில்லை. பெருந்தொகை கொடுத்தவரின் உறவினர் என்று அறியப்பட்ட ஒருவருக்கும் எங்களுக்குக் கிடைத்த அதே அறைதான் கிடைத்தது. தடுக்குவது ஐந்தாவதில், அறிந்திருப்பதில்.

இன்னொன்று, பதவிக்காலம். அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து ஐவர் மாறவே இல்லை என்று கடைசி நாள் பேச்சில் அவர்களே சொன்னார்கள், பெருமையாக அல்ல, களைப்போடு. உத்திரமேரூர்க் கல்வெட்டு முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரை மறுபடி குடவோலைக்கு விடாது; கணக்குக் காட்டாதவரை அறவே ஒதுக்கும். கணக்குக் காட்டுவதில் சோழர் காலச் சபைக்கு நிகராக நிற்பவர்கள் இடம் விடுவதையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சேவைக்கு வரும் பெண்களில் இருவரை, திருவாரூரிலோ கீழ்வேளூரிலோ குடியிருப்பவர்களை, அடுத்த காலியிடங்களில் அமர்த்தினால் நான் மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் தீரும். விடைபெறும்போது இதை எழுத்தில் கொடுத்தேன். கூட்டத்தில் வைப்பதாகப் பதிலும் வந்திருக்கிறது.

போக விரும்புபவர்கள் ஐப்பசி, கார்த்திகை முகாம்களைத் தவிர்த்து, தை அறுவடைக்குப் பின் வரும் முகாமுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குப் பதில் வரத் தாமதமாகும். பகலில் எல்லோரும் தத்தம் தொழிலில் இருப்பதால் இரவு ஏழு மணிக்கு மேல் தொலைபேசியில் அழைப்பதே பலன் தரும். கொசுவலை அங்கேயே கொடுக்கிறார்கள். பெண்கள் ஒரு சிறிய பூட்டும், துணி காயப்போட நைலான் கயிறும் எடுத்துச் செல்வது நல்லது.