கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது என்று ஆப் வழியாக ஆள் கூப்பிடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பி எதை வேண்டுமானாலும் ரிப்பேர் செய்து தருகிறோம் என்று சொல்லும் ஆப் ஒன்று. பெயரைப் போட்டால் பதிவைத் தூக்க வைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. இந்த வகை ஆப் எதுவாக இருந்தாலும் கீழே இருப்பதைத் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.

வீட்டில் இருப்பது சாதாரண டெஸ்க்டாப். என் கணக்கு வேலை முழுவதும் அதில்தான். கொஞ்ச நாளாக ஹேங் ஆக ஆரம்பித்தது. மவுஸ் அம்பு மட்டும் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது, பெட்டிக்கு முன்னால் இருக்கும் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். சில நேரம் தானாகவே சரியாகிவிடும். சில நேரம் அம்பும் நின்றுவிடும், அப்புறம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. இந்தப் பட்டன் விஷயத்தை நினைவில் வையுங்கள்.

ஆப்பில் பதிவு செய்ததும் ஆள் வந்தார். சீருடை, அடையாள அட்டை, கையில் கருவிப் பை. வந்தவுடன் பெட்டியைத் திறந்து எதையாவது பிடுங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், எப்போதிலிருந்து, என்ன வேலை செய்யும்போது என்று அவரே கேள்வியும் கேட்டார். பிறகு ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினார். விண்டோஸ் தனக்குள் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு அது. திரை முழுக்கச் சிவப்பு. "கர்னல்-பவர், 41, கிரிட்டிக்கல்" என்று வரிசையாக. "பார்த்தீங்களா மேடம், இத்தனை கிரிட்டிக்கல் எரர். மதர்போர்டு பவர் செக்‌ஷன் போயிட்டு இருக்கு, ரேமும் அடி வாங்கியிருக்கு. இப்படியே விட்டா டேட்டா மொத்தமும் போயிடும்" என்றார். (மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை, ரேம் என்பது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்.) வாய் வார்த்தையாகச் சொல்லாமல் என் கம்ப்யூட்டரிலேயே, விண்டோஸே எழுதிய ஆதாரத்தைக் காட்டுகிறாரே என்றுதான் நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அந்தத் திரையை என் கணவருக்கு அனுப்புவதற்காகப் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். நல்லவேளை எடுத்தேன்.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக வேண்டும் என்றார், பாஸ்வேர்டையும் கேட்டு எழுதிக்கொண்டார். திரும்பி வந்தபோது பில்லில் இருந்தவை: மதர்போர்டு சர்வீஸ், புது ரேம், பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி (சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்), விண்டோஸ் புதிதாகப் போட்டது, டேட்டா மாற்றியது. மொத்தம் அரை மாதச் சம்பளம். பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டதற்கு "அது டெட் மேடம், ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு, டேட்டா எல்லாம் புதுசுல இருக்கு" என்று சொல்லிவிட்டார். பணத்தை ஆப்பிலேயே கட்டினால்தான் வாரண்டி என்றார்கள், கட்டினேன்.

முதலில் வேகமாகத்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் எந்தக் கம்ப்யூட்டரும் வேகமாகத்தான் இருக்கும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சில நாள்தான். மறுபடியும் அதே ஹேங், அதே விளக்கு, அதே பவர் பட்டன்.

இதற்கு மேல் நடந்ததை எழுதும்போது கை நடுங்குகிறது. வந்தவருக்குப் போன் செய்தால், "ஆப்ல டிக்கெட் போடுங்க மேடம், நேரா எங்களால எதுவும் பண்ண முடியாது." டிக்கெட் போட்டால், சாட்டில் ஒருவர் வந்து விண்டோஸை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். செய்தேன், பயனில்லை. அடுத்து வந்தவர் இது சாஃப்ட்வேர் பிரச்சினை, வாரண்டி பாகங்களுக்கு மட்டும்தான் என்றார். விண்டோஸையும் நீங்கள்தானே போட்டீர்கள், அதற்கும் பில் போட்டீர்களே என்றேன். பதில் இல்லை, டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. திரும்பத் திறந்தால் இன்னொருவர் புதிதாக வந்து முதலிலிருந்து கேட்கிறார், என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து. ஒருவர் உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை, யுபிஎஸ் வாங்குங்கள் என்றார். இன்னொருவர் வைரஸாக இருக்கலாம், எங்களிடமே ஒரு வருட ஆன்டிவைரஸ் திட்டம் இருக்கிறது என்றார். அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அதே பிரச்சினைக்கு இன்னொரு பொருளை விற்கப் பார்க்கிறார்கள்!

கடைசியில் அக்கா மகன் வந்திருந்தபோது பார்க்கச் சொன்னேன். அவன் சர்வர் வேலை பார்ப்பவன். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஈவென்ட் வியூவரைத்தான் அவனும் திறந்தான். அதே 41. "சித்தி, இது எரரே இல்லை" என்றான். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் அணைந்து மறுபடி எழுந்தால் விண்டோஸ் 41 என்று எழுதும், அவ்வளவுதான். ஏன் அணைந்தது என்று அந்த எண் சொல்வதில்லை. மின்சாரம் போனாலும் 41, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41. அந்த வரியின் விவரத்துக்குள் போய் பவர் பட்டன் நேரம் என்று ஒரு மதிப்பைக் காட்டினான். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்திருக்கிறார்கள் என்று பொருள். என் கம்ப்யூட்டரில் பூஜ்யமாக இல்லை. அதாவது அந்த ஆள் மதர்போர்டு போய்விட்டதற்கு ஆதாரம் என்று எனக்குக் காட்டியது, ஹேங் ஆனபோதெல்லாம் நான் பட்டனை அழுத்திய தடம். விளைவைக் காட்டி அதையே காரணம் என்று சொல்லி அரை மாதச் சம்பளத்தை வாங்கிப் போயிருக்கிறார்.

உண்மையான காரணமும் அதே பதிவேட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு 41-க்கும் முன்னால் மஞ்சள் நிறத்தில் 129, 153 என்று எச்சரிக்கைகள். டிஸ்கிடம் கேட்டதற்குப் பதில் வராததால் இணைப்பை ரீசெட் செய்தேன் என்பது 129, படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயன்றேன் என்பது 153. என் போனில் இருந்த பழைய போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் நாள் அவர் எனக்குக் காட்டிய திரையிலேயே சிவப்பு வரிகளுக்கு நடுவே அந்த மஞ்சள் 129 இருக்கிறது! அவர் விரல் வைத்துக் காட்டிய வரிக்கு நேர் கீழே.

பிறகு டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். அதில் சி7 என்று ஒரு வரி உண்டு, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே கேபிளில் டேட்டா பிழையாகப் போனால் ஏறும் எண்ணிக்கை. அதில் ஏதோ ஓர் எண் இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம், அந்த எண் குறையவே குறையாது, மேலும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றான். எங்கள் கண் முன்னாலேயே ஏறியது. பெட்டியைத் திறந்தால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய சாட்டா கேபிள், முனையில் மடங்கி, தொட்டாலே ஆடும் நிலையில். புது எஸ்எஸ்டியையும் அதே கேபிளில்தான் மாட்டியிருக்கிறார்கள். கேபிளை மாற்றி வேறு போர்ட்டில் செருகினான். அதற்குப் பிறகு ஹேங் ஆகவில்லை, சி7 எண்ணும் அதே இடத்தில் நிற்கிறது. சாட்டா கேபிள்தான் இருப்பதிலேயே மலிவான பாகங்களில் ஒன்று. நான் கொடுத்தது அரை மாதச் சம்பளம்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதே மென்பொருள் டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றும் காட்டும். என் "புது" எஸ்எஸ்டி 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு வருடத்துக்கே 8,760 மணி நேரம்தான், அப்படியென்றால் இரவு பகலாக இரண்டு வருடத்துக்கு மேல் வேறு யாரிடமோ ஓடிய பொருள் அது. ரேமில் நான் கம்ப்யூட்டர் வாங்கியபோது கடையில் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, மாற்றவே இல்லை. மதர்போர்டில் என்ன சர்வீஸ் செய்தார்களோ, பிராசசர் ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு வயிறு எரிவது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்காகத்தான். பிரச்சினை கேபிளில் என்றால் டிஸ்க் நன்றாகவே இருந்திருக்க வேண்டும். அதில் பல வருடக் குடும்பப் போட்டோக்கள், வருமானக் கணக்குகள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். இப்போது அது யார் கையில்? எனக்கு விற்ற எஸ்எஸ்டியும் இப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து "டெட்" என்று சொல்லி எடுத்து வந்ததோ என்னவோ. டிஸ்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால் அதற்கு அவர்கள் ஆப்பில் டிக்கெட் வகையே இல்லையாம்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. ஆள் கூப்பிடும் முன் இவ்வளவாவது செய்யுங்கள். டேட்டாவை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். பெட்டியை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள், அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்புங்கள், உள்ளே இருக்கும் ரேம், போர்டு எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள். 41-ஐக் காட்டி போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே வாசலைக் காட்டுங்கள். ரேம் கெட்டுவிட்டது என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டிஸ்க் கெட்டுவிட்டது என்றால் அந்த ஆரோக்கிய எண்களைக் காட்டச் சொல்லுங்கள், இரண்டையும் உங்கள் கண் முன்னால். கேபிள்களை எல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்தாயா என்று கேளுங்கள். கழற்றிய பாகம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். புது டிஸ்க் என்றால் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள்.

எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். பணம் கட்டிய வங்கியில் புகார் பதிந்து பில், போட்டோ, 19,000 மணி நேரத் திரை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். இப்படி ஆப் ஆட்களிடம் கொடுத்த பழைய ஹார்ட் டிஸ்கைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், யாரிடம் என்ன எழுதிக் கேட்டீர்கள் என்று தயவுசெய்து கீழே சொல்லுங்கள்.