நிகோனாஸ் லென்ஸ்கள் மிரர்லெஸ் கேமராவில்: குமரிக் கடப்புறத்துப் பயன்பாட்டு அனுபவம்

நீருக்கடியில் படமெடுக்க நிகோன் செய்த ஃபிலிம் கேமரா நிகோனாஸ். அதன் லென்ஸை வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “தண்ணீர் பட்டால் பரவாயில்லையா?” என்றுதான். லென்ஸின் முன்பக்கத்துக்குப் பரவாயில்லை, கேமராவுக்குத்தான் ஆகாது. நிகோன் 1963-இல் வெளியிட்ட முதல் நிகோனாஸிலிருந்தே கேமராவின் உடல்தான் நீர்புகா உறை. லென்ஸின் பின்பக்கத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அந்த உடலின் வாய்க்குள் இறுகி உட்காரும்போதுதான் அடைப்பு முழுமையாகும். அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால் அந்த அடைப்பு கிடையாது. சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ வள்ளத்தில் போகும்போது முன்கண்ணாடியில் அலை அடித்தால் துடைத்துவிடலாம். அடாப்டர் இணைப்பில் அடித்தால் உப்புநீர் நேராக மவுண்டுக்குள், அதாவது லென்ஸ் மாட்டும் வாய்க்குள், இறங்கும்.

அடுத்து, எந்த லென்ஸ் என்பது. கரையிலும் நீருக்குள்ளும் வேலை செய்பவை இரண்டே: 35 மிமீ f/2.5, 80 மிமீ f/4. இவற்றின் முன்னால் இருப்பது தட்டைக் கண்ணாடி. பெயரில் ‘யுடபிள்யூ’ என்று தொடங்கும் 15, 20, 28 மிமீ லென்ஸ்கள் முன்கண்ணாடியில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் என்ற கணக்கில் வடிவமைத்தவை. காற்றில் படம் எடுத்தால் தெளிவு வராது, ஓரங்கள் கலங்கிவிடும். இன்னொரு ஹவுசிங்கின் (கேமராவைப் போட்டு மூடும் நீர்புகா உறையின்) கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் அதே கதிதான், அங்கேயும் முன்னால் இருப்பது காற்று. 28 மிமீ f/2.8 என்று ‘எல்டபிள்யூ’ அடையாளத்தோடு வருவது இதற்கு நேர்மாறு: மழை, சாரல் தாங்கும், முங்கக் கூடாது. விலை குறைவு என்று 28-ஐ எடுப்பவர்கள் இந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.

கரைப் படங்களுக்கு 35 மிமீ தாராளமாகப் போதும். நிகோனின் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் 35 மிமீ லென்ஸின் ஒளியியல் வடிவம்தான் இதில் இருப்பது. f/2.5-இல் மூலைகள் மென்மையாக இருக்கும், f/5.6-க்கு மேல் நன்றாக இறுகும். அப்பர்ச்சர், ஃபோகஸ் இரண்டுக்கும் லென்ஸின் இரு பக்கமும் குமிழ்கள் உண்டு. கேமராவோடு மின் தொடர்பு எதுவும் இல்லாததால் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை இயக்க வேண்டும். உடலில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் 35 என்று கொடுக்க வேண்டும். மறந்தால் தடுப்பே படத்தைக் கலைக்கும். கடப்புறத்தில் கரமடி (கரைவலை) இழுப்பதை எடுக்க f/8, ஃபோகஸ் 5 மீட்டர் என்று வைத்தால் முழுச்சட்ட சென்சாரில் ஏறத்தாழ 2.5 மீட்டரிலிருந்து தொலைவு வரை கூர்மை கிடைக்கும். மெகாபிக்சல் அதிகமுள்ள கேமரா என்றால் f/11 வைப்பது நல்லது. 80 மிமீ-க்கு இந்தக் கணக்கு உதவாது. f/8-இலும் ஒவ்வொரு படத்துக்கும் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆடுகிற வள்ளத்தில் அது பெரும்பாடு.

அடாப்டரில் வரும் பெரிய தொந்தரவு ஆட்டம். நிகோனாஸ் மவுண்டில் பூட்டு கிடையாது. லென்ஸை முன்னால் இழுத்து, கால் சுற்று திருப்பினால் கழன்று வரும். மூல உடலில் அதைப் பிடித்து வைத்திருப்பது ஓ-ரிங்கின் உராய்வு. கரையில் தேவையில்லையே என்று ஓ-ரிங்கைக் கழற்றிவிட்டால், குமிழைத் திருப்பும்போதே லென்ஸ் முன்னால் நகரும், ஃபோகஸ் மாறும். ஆகவே ஓ-ரிங் இருக்கட்டும். உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இந்த லென்ஸுக்கு வழியே இல்லை. மவுண்டிலிருந்து ஃபிலிமுக்கான தூரம் மிகக் குறைவு.

நீருக்குள் போனால் 15 மிமீ f/2.8-க்கு ஈடு சொல்வது கடினம். காரணம் எளிது. ஹவுசிங்கின் டோம் போர்ட்டுக்கு (குவிந்த முன்கண்ணாடிக்கு) பின்னால் சாதாரண அகலக் கோண லென்ஸை வைத்தால், தொலைவில் உள்ள பொருளின் மாயபிம்பம் டோமின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் விழும். 10 செமீ ஆரம் என்றால் டோமுக்கு முன்னால் வெறும் 30 செமீ. அதுவும் வளைந்த பிம்பம். நடுவில் ஃபோகஸ் வைத்தால் மூலை போய்விடும், f/11, f/16 என்று மூட வேண்டும். 15 மிமீ தண்ணீரையே முதல் கண்ணாடிபோல் கணக்கில் எடுத்தது, f/5.6-இலேயே மூலைகள் நிற்கும். நீருக்குள் 94 டிகிரி பார்வை, 30 செமீ வரை நெருங்கலாம். ஆனால் இதற்கு நிகோனாஸ் மவுண்ட் கொண்ட ஹவுசிங் வேண்டும். சோனி ஏ7 வரிசை ஹவுசிங்குக்கு நாட்டிகாம் அப்படியொரு அடாப்டர் செய்தது. பழைய 15 மிமீ வகையில் பின்கண்ணாடி உள்ளே வெகுதூரம் நீளும். ஷட்டரில் தட்டுமா என்று அளந்து பார்க்காமல் மாட்டக் கூடாது. ஓரங்களில் நிறச்சாயம் வருவதும் அந்த நீட்சியால்தான். பின்பக்கமாக ஒளி வாங்கும் பிஎஸ்ஐ சென்சார்களில் அது குறைவு.

ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 35 மிமீ நீருக்குள் 46 மிமீ போல நடந்துகொள்ளும், அதை 1.5-ஆல் பெருக்கினால் 70. கடியப்பட்டணம், முட்டம் பாறைகளில் சிப்பி குளிப்பவர்களை 70 மிமீ பார்வையில் எடுக்க மூன்று நான்கு மீட்டர் விலக வேண்டியிருக்கும். நம் கடலில் அவ்வளவு தூரத்துத் தண்ணீர் நடுவில் நின்றால் படம் பச்சைப் புகையாகிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கலங்கல் இன்னும் மோசம், இறங்கவே வேண்டாம். தை, மாசியில் தண்ணீர் தெளியும். அப்போதும் முழுச்சட்டமும் 15-உம்தான் பொருத்தம்.

இந்த மாவட்டத்தில் ஓ-ரிங்கின் முதல் எதிரி மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல். இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்தது. கார்னெட் லென்ஸ் கண்ணாடியை விடக் கடினமானது, துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகே துடைப்பு. ஓ-ரிங்கை ஊசியால் எடுக்காமல் பழைய ஏடிஎம் கார்டின் முனையால் நெம்பி எடுங்கள். பள்ளத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, சிலிகான் கிரீஸை விரலில் பளபளப்பு தெரியும் அளவு மட்டும் தடவுங்கள். கூடுதலாகத் தடவினால் மணல் ஒட்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாளாக ஆகப் பிசினாகும்.

கடலில் முங்கி வந்ததும் அரை மணி நேரம் நன்னீரில் ஊறவிட்டு, குமிழ்களை முழுவீச்சும் திருப்ப வேண்டும். கடற்கரை ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கும், குடிநீரோ மழைநீரோ நல்லது. லென்ஸைத் தனியாக வாளியில் போடவே கூடாது, பின்பக்கம் திறந்த நிலை. ஹவுசிங்கில் மாட்டியபடியே ஊறட்டும். கரையில் மட்டும் பயன்படுத்துகிறவர்கள், படமெடுக்காத பழைய நிகோனாஸ் உடல் ஒன்றை வாங்கி, அதன் ஓ-ரிங்குகள் சரியாக இருந்தால், அதில் மாட்டி ஊறவைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் அலுமினிய உடலும் ஸ்டீல் திருகும் சேருமிடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, முதலில் அப்பர்ச்சர் குமிழ் இறுகும்.

வாங்கும்போது டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது, இங்கேயே கிடந்த லென்ஸில் அது சாதாரணம். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் நீருக்குள் பெரிதாகத் தெரியாது, கீறலில் தண்ணீர் நிறைந்துவிடும். கரையில் எதிர்வெயிலில் அதுவே படத்தை வெளுக்க வைக்கும். எனவே கீறல் விழுந்த 35-ஐக் கரைக்கு வாங்காதீர்கள், கீறல் விழுந்த 15-ஐ விலை பேசி எடுக்கலாம். ஓ-ரிங் பள்ளத்தில் அரிப்புக் குழி இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். புது ஓ-ரிங் போட்டாலும் அந்த இடத்தில் கசியும்.